கோபுர வேலைக்குச் சாரம்: கிழமைக்கு ஒருக்காப் பாக்கிறது எண்டா என்னத்தைப் பாக்கிறது?

வெளிவீதி கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில வலிகாமப் பக்கம் ஒரு கோயில். பாலஸ்தாபனம் முடிஞ்சு இராசகோபுரத் திருப்பணி நடக்குது. உடைஞ்ச சுதைச் சிலையளைத் திருத்தி வர்ணம் பூசுற வேலை. நிலத்தில இருந்து கலசம் வரைக்கும் 54 அடி. சாரத்தின்ர பொறுப்பைப் பரிபாலன சபை இப்ப என்ர தலையில வைச்சிருக்கு. இருக்கிற நிலைமை இதுதான்:

கீழ இருந்து ஏழு தட்டு வாடகை எச் பிறேம் (எச் வடிவ இரும்புச் சட்டம், 4 அடி அகலம், 1.7 மீற்றர் உயரம், 6 அடிக் குறுக்குப் பிறேஸ்). அதுக்கு மேல கிட்டத்தட்ட 15 அடிக்குச் சவுக்குத் தடி, தும்புக் கயித்தால கட்டினது. நாலு பக்கமும் சாரம் இருக்கு. கால்கள் வீதி மணலில நிக்குது. ரெண்டு இடத்தில ஜாக்கிக்கு (காலடியில உயரத்தைச் சரிப்பண்ணுற திருகு) கீழ சீமெந்துக் கல்லு மிண்டு குடுத்திருக்கு. கோபுரத்தோட கட்டினது எண்டு பாத்தா ரெண்டு இடத்தில கயிறு, அதுவும் சிலையின்ர இடுப்பைச் சுத்தி. முன்பக்கம் முழுக்கப் படங்கு போட்டு மறைச்சிருக்கு. கொந்தராத்துக்காரர் தொடக்கத்தில சாரம் பாவிக்கலாம் எண்டு ஒரு பச்சைக் காட் எழுதித் தொங்கவிட்டவர். ரெண்டு மாதம் ஆச்சுது.

எத்தினை நாளைக்கு ஒருக்கா, ஆர் பாக்கவேணும்? எங்க இருந்து தொடங்குறது? மேல் தடி இருக்கலாமோ? சட்டம் இதில என்ன சொல்லுது?

---

நூல்குண்டு

முதல் வேலை, அந்தப் பச்சைக் காட்டைக் கழட்டுங்கோ. அந்தக் கையெழுத்து ரெண்டு மாதத்துக்கு முந்தி நிண்ட சாரத்துக்கு வைச்சது. அதுக்குப் பிறகு எத்தினை பேர் பலகை மாத்தியிருப்பினம், எத்தினை பேர் வாளி இழுக்க வசதியா குறுக்குப் பிறேஸைக் கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டாமல் விட்டிருப்பினம் எண்டு அந்தக் காட்டுக்குத் தெரியாது.

பாக்கப் போற ஆக்கள் எல்லாரும் மேல ஏறிக் கைபிடியைத்தான் ஆட்டிப் பாப்பினம். கைபிடி இல்லாட்டி ஒருத்தர் விழுவார். காலும் கட்டும் பிழைச்சா சாரம் முழுக்க வரும். அதால நிலத்தில இருந்து தொடங்குங்கோ.

வீதி மணல் அடியார் பிரதட்டை பண்ண நல்லது, ஜாக்கிக்கு நல்லதில்லை. மேல் மணலை வழிச்சு எடுத்து, கீழ இறுகின நிலம் வரைக்கும் போகவேணும். அலவாங்கால ஒவ்வொரு காலடியிலயும் குத்திப் பாருங்கோ. ஒரே அளவு பலத்துக்கு ஓரிடத்தில ரெண்டு அங்குலமும் பக்கத்தில ஒரு அடியும் இறங்கினா, அது மூடின குழி. எங்கட ஊரில பழைய பங்கர், மூடின கிணறு, குப்பைக் கிடங்கு எண்டு எது எங்க கிடக்கெண்டு அயலில உள்ள வயசான ஆக்களைக் கேட்டாத்தான் தெரியும். அப்பிடியான இடத்தில காலை வைக்க வேண்டாம். பிறேமை நகர்த்துங்கோ, இல்லாட்டித் தோண்டிக் கல்லும் கிறவலும் போட்டு இறுக்குங்கோ.

ஜாக்கித் தகட்டுக்குக் கீழ 9 அங்குல அகலம், ஒண்டரை அங்குலத் தடிப்புப் பலகை. ஒவ்வொரு காலுக்கும் தனித்தனித் துண்டு வைக்காமல், ஒரு பிறேமின்ர ரெண்டு காலும் ஒரே பலகையில நிக்கிற மாதிரி வையுங்கோ. ஒரு கால் மட்டும் தனிய இறங்காது. சீமெந்துக் கல்லு மிண்டை இண்டைக்கே எடுக்கவேணும். கல்லு பாரத்தை அப்பிடியே தாங்கும், தகட்டின்ர ஓரம் ஒரு பக்கம் ஏறி நிண்டா நடுவால பிளக்கும். சொல்லிப்போட்டுப் பிளக்காது.

உயரம் காணாதெண்டா ஜாக்கி நூலை நீட்டலாம், ஆனா ஜாக்கியின்ர மொத்த நீளத்தில கால்வாசி, அல்லது 150 மில்லிமீற்றர், இதில எது கூடவோ அவ்வளவு பிறேம் குழாய்க்குள்ள இருக்கவேணும். மாரி தொடங்கின பிறகு இதையெல்லாம் திரும்பப் பாக்கவேணும். செம்பாட்டு மண் காய்ஞ்சா கல்லு, ஊறினாக் களி.

பிறகு நூல்குண்டு விட்டுப் பாருங்கோ. முதல் தட்டில அரை அங்குலச் சரிவு மேல போகப் போகப் பெருகும். அதைக் கயிறு போட்டு இழுத்துச் சரிப்பண்ணேலாது, அடியிலதான் சரிப்பண்ணவேணும்.

அடுத்தது கட்டு. 4 அடி அகலச் சாரம் அகலத்தைப்போல நாலு மடங்கு, அதாவது 16 அடிக்கு மேல தனிய நிக்கக் கூடாது எண்டது அமெரிக்க விதி. உங்கட பிறேமில மூண்டு தட்டு போட்டாலே 16 அடி தாண்டியிட்டுது. நீங்கள் ஏழில நிக்கிறியள், அதுவும் சிலையின்ர இடுப்பை நம்பி. சுதை எண்டது செங்கல்லுக்கு மேல சாந்து. அது சாரத்தைப் பிடிக்காது, சாரம்தான் அதை இழுத்து விழுத்தும்.

கோபுரத்தில ஒவ்வொரு தளத்திலயும் நடுவில வாசல் இருக்குமெல்லே, அதுதான் உங்களுக்குக் கிடைச்ச வரம். வாசலுக்குள்ளால ஒரு பைப்பை முன்பக்கச் சாரத்தில இருந்து பின்பக்கச் சாரம் வரைக்கும் ஊடுருவ விட்டு ரெண்டு பக்கமும் கிளம்ப் போடுங்கோ. 20 அடிப் பைப் காணாத தளத்தில இணைப்புக் கிளம்ப் போட்டு நீட்டலாம். வாசல் விளிம்பு படுற இடத்தில பலகைத் துண்டும் சாக்கும். பக்கவாட்டில வாசல் இல்லாட்டி, நாலு பக்கச் சாரத்தையும் மூலைக்கு மூலை கிளம்பால இணைச்சு ஒரு வளையமாக்கினால் கோபுரத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரி நிக்கும். ரெண்டு தட்டுக்கு ஒருக்கா இப்பிடி ஒரு வளையம் வேணும்.

படங்கைப் பற்றிக் கணக்கொண்டு. 72 கிலோமீற்றர் வேகக் காத்து ஒரு சதுர மீற்றரில ஏறக்குறைய 25 கிலோ பலத்தில தள்ளும். உங்கட முன்பக்கம் 10 மீற்றர் அகலம், 15 மீற்றர் உயரம் எண்டு வைச்சா 150 சதுர மீற்றர். மூண்டே முக்கால் தொன். ரெண்டு கயிறு. படங்கைக் கழட்டிப்போட்டு, வலை போடுறதெண்டாலும் மேல சொன்ன கட்டு முடிஞ்ச பிறகு போடுங்கோ. வலையிலயும் காத்துப் பிடிக்கும், ரெண்டு தட்டுக்கு ஒருக்கா எண்டதைத் தட்டுக்கு ஒருக்கா ஆக்கவேணும். சோளகம் அடிக்கிற மாதங்களில இதை விளையாட்டா எடுக்க வேண்டாம்.

---

பைப்பும்_கிளம்பும்

நூல்குண்டு சொன்னதில ஒரு துண்டு சேக்கவேணும், இல்லாட்டி அவர் சொன்ன கட்டே பிழைச்சுப்போகும். உங்கட பிறேம் காலை அளந்து பாருங்கோ. எச் பிறேமில கனக்க 42.7 மில்லிமீற்றர் குழாய்தான் வாறது. தனிப் பைப் 48.3. கடையில "டபிள் கிளம்ப்" எண்டு கேட்டா 48க்கு 48 தருவாங்கள். அது 42 குழாயில நட்டை முழுக்க இறுக்கினாலும் பிடிக்காது, கையால தட்டினாச் சுழலும். 48க்கு 42 எண்டு இருக்கிற கலப்புக் கிளம்பைக் கேட்டு வாங்குங்கோ. உள்ளுக்க ரப்பர் துண்டு, தகரத் துண்டு வைச்சு இறுக்கிறது பரிகாரம் இல்லை. இறுக்கம் 50 நியூட்டன் மீற்றர். ஒரு அடி நீளச் சாவியின்ர நுனியில 17 கிலோ பலம் குடுத்தா அவ்வளவு வரும். அதுக்கு மேல பைப் போட்டு நீட்டி இறுக்கினா நூல் போயிடும்.

பிறேம் ஒவ்வொண்டிலயும்: மேல் பிறேமும் கீழ்ப் பிறேமும் சேருற இடத்தில பின் இருக்கோ, பூட்டு இருக்கோ (கம்பித்துண்டு வளைச்சு விட்டிருந்தா அது பூட்டில்லை), குறுக்குப் பிறேஸ் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ரெண்டும் இருக்கோ, கால் வளைஞ்சிருக்கோ, வெல்ட் வெடிச்சிருக்கோ. வெல்டைத் துருவுக்கு மேலால பாத்துத் தெரியாது, கம்பிப் புறுசால தேய்ச்சுப் பாருங்கோ. புதுசா வெள்ளிப் பெயின்ற் அடிச்சு வாற செற்றை நான் இன்னும் கூடச் சந்தேகமாப் பாப்பன். கடற்கரைப் பக்கம் வேலை செய்து வந்த பிறேம் உள்ளுக்குள்ளால உக்கும். சுத்தியலால மெல்லத் தட்டினா நல்ல குழாய் மணி மாதிரிக் கேக்கும், உக்கினது மொத்தெண்டு கேக்கும்.

பலகை. ஒண்டரை அங்குலத் தடிப்புப் பலகைக்குத் தாங்குற இடைவெளி 1.5 மீற்றருக்கு மேல போகக் கூடாது. உங்கட பிறேம் நிக்கிற இடைவெளி 1.83. ஆகவே சாதாரண மரப் பலகை போட்டிருந்தா அது ஏற்கனவே பிழை, நடுவில ஒரு குறுக்குப் பைப் வேணும். கொழுக்கி வைச்ச இரும்புத் தட்டு நல்லது, ஆனா அதிலயும் ஒரு பொறி இருக்கு: 50 சென்ரிமீற்றர்த் தட்டு ரெண்டு போட்டா 4 அடிப் பிறேமில ஏழெட்டு அங்குல வெளி மிஞ்சும். கால் போகக் காணும். அந்த வெளியை நடுவில விடாமல் ஒரு 9 அங்குலப் பலகையால மூடிக் கட்டுங்கோ. மரப் பலகையின்ர நுனி தாங்கிக்கு வெளியால ஆறு அங்குலம் நிக்கட்டும்: குறைஞ்சா வழுக்கி விழும், கூடினா மிதிக்கேக்க மறுபக்கம் எழும்பும். பலகைக்குப் பெயின்ற் அடிக்க விடாதேங்கோ, வெடிப்பு மறைஞ்சுபோகும்.

பாரம்: சதுர மீற்றருக்கு 200 கிலோ எண்டு வையுங்கோ. 1.83க்கு 1.2 மீற்றர் தட்டு ஒண்டில ஏறக்குறைய 430 கிலோ. ரெண்டு சிற்பாசாரி, ரெண்டு தாச்சி சாந்து, ரெண்டு மூட்டை சீமெந்து எண்டாலே 320 கிலோ வரும். மூண்டு மூட்டையைத் தூக்கி வைச்சிட்டு "நாளைக்குப் பாவிக்கலாம்" எண்டு விடுற பழக்கம் எங்கட ஆக்களிட்டை இருக்கு. ஒரு நேரத்தில ஒரு வரிசையில ஒரு தட்டில மட்டும்தான் பாரம். கீழ் மேலா மூண்டு தட்டிலயும் ஏத்தினா எல்லாம் அடிக் காலுக்குத்தான் போகும்.

கோபுர வேலையின்ர உண்மையான சிக்கல் வேற. கோபுரம் மேல போகப் போக உள்ளுக்கு ஒடுங்கும், சாரம் நேரா நிக்கும். கீழ ஒரு அடி இடைவெளி மேல நாலு அடியாகும். அந்த இடைவெளிக்குப் பலகையை உள்ளுக்கு நீட்டிப்போட்டு நுனியில இருந்து வர்ணம் பூசுறதுதான் வழக்கம். கூடாது. சுவருக்கும் தட்டுக்கும் இடையில 14 அங்குலத்துக்கு மேல போனா உள்பக்கமும் கைபிடி போடவேணும், சாந்து வேலைக்கு 18 அங்குலம் வரைக்கும் விடுவினம். அதுக்கு மேல எண்டா பிறேமில பூட்டுற பிராக்கெற் வாங்குங்கோ, அல்லது மேல் பகுதியைப் பைப்பும் கிளம்புமா உள்ளுக்கு ஒதுக்கிக் கட்டுங்கோ. கொடுங்கைக்கு (கோபுரத்தில வெளியால நீட்டி நிக்கிற விளிம்பு) மேல சாரத்தின்ர காலை ஊண்டாதேங்கோ.

மேல் தடியைக் கழட்டி எடுக்கவேணும். தடிச் சாரமே பிழை எண்டு சொல்லேல்லை. வழுவழுத்த இரும்புக் குழாயில தும்புக் கயிறு நிக்காது, அதுதான் காரணம்.

இன்னொண்டு, சிரிக்காதேங்கோ: சாரத்தில ஏறேக்க சாரம் உடுத்திருக்கக் கூடாது. மடிச்சுக் கட்டினாலும் பிறேஸ் பின்னில கொழுவும். ஏணி வைச்சு ஏறவேணும், குறுக்குப் பிறேஸில தொங்கி ஏறக் கூடாது. ஏணி நாலடி உயரத்துக்கு ஒரு அடி வெளியால, மேல் தட்டைத் தாண்டி ஒரு மீற்றர், மேலயும் கீழயும் கட்டி.

---

பனங்கூடல்

தம்பி, எங்கட ஊர்க் கோபுரங்கள் கனக்க இந்தத் தடியிலயும் கயித்திலயும்தான் எழும்பினது. எல்லாத்துக்கும் கிளம்ப் கிளம்ப் எண்டா?

கயித்துக்கும் ஒரு முறை இருக்கு. தும்புக் கயித்தை நனைச்சுக் கட்டவேணும், காய்ஞ்ச பிறகு மூண்டாம் நாள் திரும்ப இறுக்கவேணும், மழைக்குப் பிறகு ஒருக்கா. ஒவ்வொரு முடிச்சிலயும் குறைஞ்சது நாலு சுத்து, பிறகு குறுக்கால இறுக்குச் சுத்து, பிறகு ஆப்பு. பட்டை உரிக்காத சவுக்கு எடுக்கக் கூடாது; கட்டின பிறகு பட்டை கழண்டு முடிச்சு முழுக்க இளகும். ரெண்டு தடி சேக்கேக்க அஞ்சடி ஒண்டோடொண்டு படியவேணும், மூண்டு கட்டு. தடியின்ர அடி மூண்டடி நிலத்துக்குள்ள போகவேணும். இப்ப நீல நைலோன் கயிறு வாங்கி ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டுப் போகினம், அது வழுக்கும், வெய்யிலில பொடியாகும். தடியில பிழை இல்லை.

---

பைப்பும்_கிளம்பும்

அண்ணை, நீங்கள் சொன்னபடி கட்டினா நிக்கும். ஆனா தடியின்ர அடி மூண்டடி நிலத்துக்குள்ள போகவேணும் எண்டு நீங்களே சொல்லுறியள். இங்க தடியின்ர அடி 39 அடி உயரத்தில பிறேமோட தொங்குது. முழுக்கத் தடி அல்லது முழுக்க இரும்பு. பாதி பாதி வேண்டாம். முடிச்சை மூண்டாம் நாள் இறுக்கிற ஆள் இப்ப எங்க?

---

பனங்கூடல்

அது சரி. தடிக்கு மேல தடி எண்டு நினைச்சிட்டன். இரும்புக்கு மேல தடி வேண்டாம்.

---

கோவைப்படி

சட்டம் கேட்டிருந்தீர்கள். இலங்கையில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைக்கும் பொருந்தும். அதை நடைமுறைப்படுத்துவது தொழில் திணைக்களம். ஆள் ஒருவர் இறந்தாலோ, காயத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ அறிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். சபை செய்ய வேண்டியது: கொந்தராத்துக்காரரிடம் நட்டஈட்டுக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, வேலை முடியும் திகதி வரை அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். சிற்பாசாரிமார் நாட்கூலிக்குத் தனியாக வந்திருந்தால் அந்தப் பத்திரத்துக்குள் அவர்கள் இல்லாமல் இருக்கக்கூடும். பெயர்ப் பட்டியலைக் கேட்டு எண்ணுங்கள்.

கிழமைக்கு ஒருமுறை என்பது பிரித்தானியாவின் 2005ஆம் ஆண்டு உயர வேலை விதிகளில் இருந்து வருவது. முதன்முதல் பாவிக்க முன், பிறகு ஏழு நாளுக்கு ஒருமுறை, சாரத்தைப் பாதிக்கக்கூடிய காற்று மழைக்குப் பின், மாற்றம் செய்த பின். அமெரிக்க விதி ஒவ்வொரு வேலை முறைக்கும் (ஷிப்ற்) முன் பார்க்கச் சொல்கிறது. கோபுர வேலைக்கு இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்: காலையில் பத்து நிமிடம் (அடி, ஏணி, பலகை, கழற்றிய பிறேஸ்), ஏழாம் நாள் முழுவதும். கைபிடிக்கும் அந்தப் பிரித்தானிய விதிகளில் இருந்துதான் அளவு: மேல் கம்பி 950 மில்லிமீற்றருக்குக் குறையாமல், நடுவில் 470க்கு மேல் வெளி இல்லாமல். அடிப்பலகை ஆறு அங்குலம். உளி உருண்டு வாசலில் நிற்பவர் தலையில் விழாமல் இருக்க அது வேண்டும்.

யார் பார்ப்பது? கட்டியவரே பார்த்துக் கையெழுத்து வைத்தால் அது சோதனை ஆகாது. சாரம் தெரிந்த, ஆனால் கொந்தராத்துக்காரரிடம் சம்பளம் வாங்காத ஒருவர். அவர் "நிறுத்து" என்றால் வேலை நிற்கும் என்று சபை எழுத்தில் கொடுக்க வேண்டும். கும்பாபிஷேகத் திகதி குறித்துவிட்ட கோயிலில் அந்த எழுத்து இல்லாமல் அவர் சொல் எடுபடாது.

கொப்பியில் எழுத வேண்டியவை: திகதி, நேரம், எந்தப் பக்கம், என்ன குறை, யாரிடம் சொன்னது, எப்போது சரிசெய்தது, திரும்பப் பார்த்தவர் கையெழுத்து. "எல்லாம் சரி" என்று ஆறு கிழமை தொடர்ந்து எழுதப்பட்ட கொப்பியை நான் நம்ப மாட்டேன்.

கோபுரத்துக்கு முன்னால் மின்கம்பி போகிறதா? உறையில்லாத கம்பிக்குச் சாரத்தில் இருந்து குறைந்தது 10 அடி. சாரம் 10 அடி தள்ளி நின்றாலும் அதில் நின்று 20 அடிப் பைப்பைத் திருப்புகிறவர் தள்ளி நிற்கவில்லை. உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பாதுகாப்புப் பட்டி இடுப்புப் பெல்ற் ஆக இருந்தால் எடுத்து வையுங்கள். முழு உடல் பட்டிதான். 2 மீற்றர்க் கயிறு, அதிர்ச்சி தாங்கி விரிவது 1.75 மீற்றர், ஆள் உயரம், மிச்சம் எல்லாம் சேர்த்தால் கொழுவிய இடத்தில் இருந்து 6 மீற்றருக்கு மேல் வெளி வேண்டும். கால்மட்டத்தில் கொழுவினால் இரண்டாம் தட்டில் அது உதவாது. தலைக்கு மேல் கொழுவ வேண்டும். தொங்குகிறவரைச் சில நிமிடத்துக்குள் இறக்க வழி முன்கூட்டியே வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், மேலே ஏறாது.

---

வெளிவீதி

எல்லாருக்கும் நன்றி. அளந்தன்: கால் 42.7தான், வந்திருந்த கிளம்ப் 48க்கு 48. படங்கு இறக்கியாச்சு. தென்கிழக்கு மூலையில அலவாங்கு முக்கால் அடி இறங்குது, அந்தப் பக்கம் வேலை நிப்பாட்டியிருக்கு. ஏழாம் தட்டுக்கு மேல ஆரும் ஏறுறேல்லை.

இன்னொரு கேள்வி. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாரம் முழுக்கக் கழட்டி, குருக்கள்மார் கும்பம் கொண்டு ஏற ஒரு பக்கம் ஒரு பிறேம் வரிசை மட்டும் விடுறதெண்டு கதை. அது சரியோ?

---

நூல்குண்டு

அதுதான் முழு வேலையிலயும் ஆபத்தான சாரம். 4 அடிக்கு 6 அடி அடித்தளம், 50 அடி உயரம், ஒரு பக்கம் மட்டும். வளையமாக் கட்டிப்பிடிச்சு நிண்டது மற்ற மூண்டு பக்கத்தோட. அதுகளைக் கழட்டின உடனை வளையமும் இல்லை. அண்டைக்குத்தான் வாழ்க்கையில சாரம் ஏறாத ஆக்கள் ஏறப்போகினம், ஈரக் காலோட, ஒரு கையில கும்பத்தோட, வேட்டியோட.

முன்பக்கமும் பின்பக்கமும் ரெண்டையும் விடுங்கோ, வாசலுக்குள்ளால போன பைப்புகள் அப்பிடியே இருக்கட்டும். ஏறுற பக்கம் ரெண்டு பிறேம் இடைவெளியாவது அகலம் வேணும். ஏணி வேண்டாம், பிறேமுக்குள்ள பூட்டுற படிக்கட்டு வாடகைக்குக் கிடைக்கும், ரெண்டு பக்கமும் கைபிடியோட. மேல் தட்டில 430 கிலோ எண்டு மேல கணக்குச் சொல்லியிருக்கு: ஆளுக்கு 75 கிலோப்படி அஞ்சு பேர், கும்பமும் தண்ணியும். ஆறாவது ஆள் கமெராவோட வருவார், அவரை மறிக்க முதல் தட்டில பட்டியலோட ஒருத்தர் நிக்கவேணும், அவர் உபயகாரரின்ர சொந்தக்காரரா இருக்கக் கூடாது. கும்பத்தை ஆக்கள் சுமக்காமல் கயிறும் கப்பியும் போட்டு ஏத்தலாம். தட்டில சாக்கு விரிச்சு நாலு மூலையும் கட்டுங்கோ. ஈரத் தகரத்தில வெறுங்கால் நிக்காது. கீழ தீர்த்தம் தெளிக்கிறதுக்குச் சனம் சாரத்துக்குக் கீழ வந்து அண்ணாந்து நிக்கும், 15 அடி தள்ளிக் கயிறு கட்டுங்கோ. சிதறு தேங்காயும் அந்தப் பக்கம் வேண்டாம், சிரட்டைத் துண்டு பலகைக்குக் கீழ போய்ச் சேரும்.

கழட்டேக்க மேல இருந்து கீழ, ஒரு தட்டு முழுக்க இறங்கின பிறகுதான் அடுத்தது. கட்டுப் பைப்பை அந்தத் தட்டுக்கு வாற வரைக்கும் தொடக் கூடாது. "முதல்ல கிளம்ப் எல்லாத்தையும் கழட்டி வைச்சா வேகமா முடியும்" எண்டு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார். அவரைக் கீழ நிண்டு பின் எண்ணச் சொல்லுங்கோ.

---

பைப்பும்_கிளம்பும்

பிறேமை மேல இருந்து எறியவும் விடாதேங்கோ. மணலில விழுந்தாலும் கால் நெளியும், நெளிஞ்சது அடுத்த கோயிலுக்குத்தான் போகும். வாடகைக்காரருக்குத் திருப்பிக் குடுக்கேக்க நெளிஞ்சதுக்குச் சிவப்புப் பெயின்ற் அடையாளம் வைச்சுக் குடுங்கோ.